சம்பளச் சிட்டை இல்லாதவருக்குக் கடன்

சென்ற மாதம் இப்பகுதியில், மாதச் சம்பளக்காரர் தம் வரவு செலவை எழுதிவைக்கும் முறையைப் பற்றிச் சில வார்த்தைகள் எழுதியிருந்தேன். அதனைப் படித்த அன்பர் ஒருவர், மாத முடிவில் பணம் வருமென்ற நிச்சயம் உள்ளவர்களுக்குப் புத்தி சொல்வது எளிதென்றும், ஒரு மாதம் வெள்ளமும் மறு மாதம் வறட்சியுமாக வருவாய் வருகின்ற தம்போன்றோருக்கு நியாயமான வட்டிக்குக் கடன் தருவார் யாரென்றும் கேட்டுக் கடிதம் எழுதியிருக்கிறார். கேள்வி நியாயமானதே. தச்சுத் தொழிலாளி, மேசன், நிழற்படம் பிடிப்பவர், மொழிபெயர்ப்பாளர், வீட்டிலிருந்து கணினி மூலம் வெளிநாட்டு நிறுவனங்களுக்கு வேலை செய்து கொடுக்கும் இளைஞர் எனப் பலரும் இன்று இந்நிலையிலேதான் இருக்கின்றனர். இவர்களிற் சிலர் ஆண்டுக்கணக்கிற் பார்த்தால் ஓர் ஆசிரியரிலும் அதிகமாகச் சம்பாதிக்கிறார்கள். ஆயினும், வங்கியின் வாசலில் ஆசிரியருக்குக் கதிரை கிடைக்கிறது, இவர்களுக்குக் கிடைப்பதில்லை.

இது பற்றி எனக்குப் புத்தகப் படிப்பினால் வந்த அறிவு சொற்பம். சென்ற ஆண்டு ஆவணி மாதத்தில் என் வீட்டுத் திண்ணையில் நடந்த ஒரு சம்பவமே என்னைப் படிக்கச் செய்தது. சம்பந்தப்பட்டவருடைய சம்மதத்தைப் பெற்றே அதனை இங்கே எழுதுகிறேன்.

நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாளும் முடிந்து ஒரு கிழமை ஆகியிருந்தது. மாலையில் என் பழைய மாணவர் ஒருவர் வந்தார். சாதாரணதரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்தி, மாமனாரிடம் தவில் பயின்று, இன்று எங்கள் பகுதிக் கோயில்களிலும் கலியாண வீடுகளிலும் நன்றாக அறியப்பட்ட வித்துவான். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை.

"சேர், உங்களிடம் ஒரு கையெழுத்துக் கேட்டு வந்திருக்கிறேன். இல்லையென்று சொன்னாலும் நான் குறை நினைக்க மாட்டேன்" என்றார்.

உள்ளே தேங்காய் துருவிக்கொண்டிருந்த சத்தம் சட்டென்று நின்றுவிட்டது. கையெழுத்து என்ற சொல்லுக்கு எங்கள் வீட்டில் அத்தனை மரியாதை உண்டு. காரணம் பழையது. என் தந்தையார் ஒரு நண்பருக்குப் பிணை நின்றார். நண்பர் கடலைத் தாண்டிவிட்டார். தந்தையார் தம் சம்பளத்திலிருந்து மூன்று வருஷம் அக்கடனைக் கட்டினார். அம்மூன்று தீபாவளிக்கும் எங்களுக்குப் புதுத்துணி இல்லை. இக்கதை என் மனைவிக்கும் தெரியும்.

வந்தவருடைய தேவை ஆடம்பரமானதன்று. கட்டத் தொடங்கிய வீட்டுக்குச் சுவர் எழும்பிவிட்டது, கூரை இல்லை. கூரைக்கென்று அவர் சேர்த்த பணத்தில் ஒரு பகுதி, திருவிழாக்களும் கலியாணங்களும் அடங்கிப்போன 2020, 2021 ஆம் ஆண்டுகளில் வயிற்றுப்பாட்டுக்குப் போயிற்று. மிஞ்சியதன் பெறுமதியை 2022 தின்றுவிட்டது. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதம் என்பதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இப்போது கூரைக்கு வேண்டியது 5,80,000 ரூபா. மழைக்கால வீட்டுச் செலவுக்கு ஒதுக்கியது போகக் கையில் இருந்தது 80,000. ஐந்து இலட்சம் கடன் வேண்டும். ஐப்பசி மழைக்கு இரண்டு மாதம்கூட இல்லை.

வங்கிக்குப் போயிருக்கிறார். அங்கிருந்த உத்தியோகத்தர் மரியாதையாகவே பேசியிருக்கிறார். சம்பளச் சிட்டை உண்டா என்று கேட்டாராம். இல்லை. வங்கிக் கணக்கில் பணம் வந்துபோன விவரம் உண்டா? கணக்கு உண்டு, அதில் அசைவு இல்லை. அப்படியானால் நிரந்தர உத்தியோகமுள்ள இரண்டு பிணையாளிகளைக் கொண்டுவரலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். திரும்பும் வழியிலேயே ஊரில் வட்டிக்குக் கொடுக்கும் ஒருவர் இவரை மறித்து, ஒரு கேள்வியுமின்றி நாளைக்கே ஐந்து இலட்சமும் தருவதாகச் சொல்லியிருக்கிறார். வட்டி நூற்றுக்கு ஐந்து. ஐந்து என்றால் மாதத்துக்கு ஐந்து.

"மாதம் இருபத்தையாயிரம் கட்டினால் போதுமாம், சேர். வங்கியில் எடுத்தாலும் மாதம் அவ்வளவுதானே வரும்? பிறகு ஏன் உங்களைக் கரைச்சற்படுத்துவான் என்றும் யோசித்தேன்" என்றார்.

அவர் சொன்னது உண்மையே. அதுவே அதிலுள்ள பொறி. மாணவர்கள் ஒரு கொப்பியை எடுத்து இக்கணக்கைத் தாமே செய்து பார்க்கவேண்டுகிறேன். ஐந்து இலட்சத்தை ஆண்டுக்கு 16 வீத வட்டியில், குறையுந் தொகை முறையில், 24 மாதத்தில் திருப்பிக் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். மாதத் தவணை ஏறக்குறைய 24,480 ரூபா. முதல் மாதத்தில் வட்டி 6,667; மீதி 17,800 ரூபாவுக்குச் சற்று மேற்பட்டது முதலிற் கழிகிறது. அடுத்த மாதம் வட்டி, குறைந்த முதலுக்கே கணிக்கப்படும். இவ்வாறு சென்று 24 ஆவது மாதத்திற் கடன் இல்லை. மொத்த வட்டி 87,500 ரூபா அளவு. ஊர்க்காரருக்கு மாதம் 25,000 கட்டினால், 24 மாதத்தில் ஆறு இலட்சம் கட்டிய பின்னும், முதலாகிய ஐந்து இலட்சமும் ஒரு சதம் குறையாமல் அப்படியே நிற்கும். தவணை இரண்டும் ஒன்று; முடிவு இரண்டும் வேறு. இதனை நான் எழுதிக் காட்டியபோது அவர் நெடுநேரம் அக்கடதாசியையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன்பின்தான் உட்கார்ந்தார்.

இடையே இன்னொரு வகையையும் சொல்லவேண்டும். நிதிக் கம்பனிகள் சில, "18 வீதந்தான்" என்று விளம்பரம் செய்யும்போது, அது குறையுந் தொகைக்கா, தொடக்கத் தொகைக்கா என்பதைச் சொல்லுவதில்லை. தொடக்கத் தொகைக்கு என்றால், ஐந்து இலட்சத்துக்கு இரண்டு வருஷ வட்டி 1,80,000. மாதத் தவணை 28,333. ஒரு வருஷம் முடிந்து, முதலிற் பாதியைத் திருப்பிக் கொடுத்த பின்னும் முழு முதலுக்கும் வட்டி கட்டிக்கொண்டே இருப்போம். உண்மையான வட்டியைக் கணித்தால் அது ஆண்டுக்கு 31 வீதத்தையும் தாண்டுகிறது. ஆதலின் கடன் கேட்கப் போகின்றவர் வீதத்தைக் கேட்பதோடு நிற்கலாகாது. மாதத்துக்கு எவ்வளவு, எத்தனை மாதம், கைக்கு வருமுன் கழிக்கப்படும் கட்டணங்கள் எவை, இடையில் முழுவதையும் தீர்த்தால் என்ன கழிவு என்ற நான்கையும் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். எழுதித் தர மறுக்கும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடலாம்.

வட்டிக்காரர் விஷயத்தில் சட்டம் ஒன்றுமே இல்லையென்று எண்ணவேண்டாம். 1918 ஆம் ஆண்டிலேயே இந்நாட்டில் இதற்கென ஒரு கட்டளைச்சட்டம் இயற்றப்பட்டது; மிகையான வட்டி என்று கண்டால் கொடுக்கல் வாங்கற் கணக்கைத் திறந்து பார்க்க அது நீதிமன்றத்துக்கு இடங்கொடுத்தது. ஆனால், தொகை எழுதாத புறோநோட்டில் கையெழுத்தை வைத்துக் கொடுத்துவிட்டு நீதிமன்றப் படியேறுவார் யார்? நுண்கடனால் கிராமத்துப் பெண்கள் பட்ட பாட்டையும் நாம் அறிவோம். 2018 இல் அரசாங்கம், வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களிற் பெண்கள் பெற்ற ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு நிவாரணம் அறிவிக்க வேண்டிய அளவுக்கு அந்த அவலம் முற்றியிருந்தது. கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நிற்கும் தவணைக்காரருக்கு, இக்கிழமை கோயிலில் விசேஷம் இல்லை என்ற நியாயம் விளங்காது.

சரி, வங்கி ஏன் இவரை நம்பவில்லை? வருவாய் குறைவென்றா? நான் அவருடைய நாட்குறிப்பைக் கொண்டுவரச் சொன்னேன். எந்தத் திகதியில் எந்தக் கோயில், எந்தக் கலியாணம், அச்சாரம் எவ்வளவு, மீதி எவ்வளவு என்று அழகான கையெழுத்தில் ஆறு வருஷத்துக்கு எழுதி வைத்திருக்கிறார். (வகுப்பில் ஒரு கட்டுரையை இவ்வளவு ஒழுங்காக எழுதியவரல்லர்!) அதைக் கூட்டினோம். சித்திரை முதல் ஆவணி வரை திருவிழாக் காலம். சேர்ந்து வாசிப்போருக்குக் கொடுத்தது போக மாதம் ஒன்றரை இலட்சம் அளவில் நிற்கிறது. தை, மாசி, பங்குனி மாதங்களில் 90,000. புரட்டாதி முதல் மார்கழி வரை நாலு மாதமும் 25,000 வந்தால் பெரிது. ஆண்டுக்கு 11,20,000. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 93,000 ரூபாவுக்கு மேல். என் சம்பளச் சிட்டையை நினைத்து நான் சற்று மௌனமாயிருந்தேன்.

ஆனால், இவ்வளவு பணமும் கையிலிருந்து கைக்கு மாறியது. வங்கிக்கு அதன் சுவடு தெரியாது. வங்கி கேட்பது நீர் எவ்வளவு சம்பாதிக்கிறீர் என்பதன்று. சம்பாதிப்பதை நான் எப்படிக் காண்பது என்பதே. நாட்குறிப்பு அவர் தாமே எழுதியது. வங்கிப் புத்தகம் பிறர் எழுதுவது. வேற்றுமை அவ்வளவுதான். எனவே, கடன் வேண்டியிருக்கும் காலத்துக்கு ஓராண்டாவது முன்னரே, வருகின்ற ஒவ்வொரு தொகையையும், அச்சாரமாயினும் சரி, ஒரே கணக்கிற் போட்டுப் பின்னர் எடுத்துச் செலவிடும் பழக்கத்தைத் தொடங்கவேண்டும். மறுநாளே எடுத்தாலும் குற்றமில்லை. கோயிற் பரிபாலன சபையார் கொடுக்கும் பணத்துக்குக் கடிதமோ காசோலையோ கேட்டு வாங்கலாம். பிரதேச செயலகத்தில் தொழிலின் பெயரைப் பதிந்துவைப்பதும், வருமானவரிக்குக் கணக்குக் காட்டுவதும் பலருக்கு வேண்டாத தொல்லையாகத் தோன்றும். சம்பளச் சிட்டை இல்லாதவருக்கு அவையே சிட்டை.

கொடுகடன் தகவல் பணியகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1990 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தினால் அமைக்கப்பட்ட இந்நிறுவனத்தில் பெயர் விழுந்தால் ஆயுள் முழுவதும் கடன் கிடையாது என்று ஒரு பயம் ஊரிலே பரவியிருக்கிறது. அங்கே ஒழுங்காகக் கட்டியதும் பதியப்படுகிறது, கட்டாது விட்டதும் பதியப்படுகிறது. கொடுப்பதும் மறுப்பதும் வங்கியின் முடிவு. தன்னைப் பற்றிய அறிக்கையை எவரும் விண்ணப்பித்துப் பெறலாம். பிணை நின்றவரின் அறிக்கையிலும் அப்பிணை காட்டப்படும் என்பதை என் போன்றோர் கவனிக்க வேண்டும்.

மாதம் 93,000 சராசரி உள்ளவருக்கு 24,480 ரூபாத் தவணை பாரமாகுமா? வீட்டுச் செலவு 60,000 போனாலும் 33,000 மிஞ்சுமே என்று தோன்றும். சராசரி என்பது கணக்கு வாத்தியாருக்கு நல்ல சாதனம். கார்த்திகை மாதத்து அடுப்புக்கு அது தெரியாது. அந்த மாதத்தில் வருவது 25,000. அத்தனையும் தவணைக்கே போய்விடும். ஒழுங்கற்ற வருவாயுடையவர் தம் கடனை மிக மெலிந்த மாதத்தை வைத்தே அளக்கவேண்டும். அன்றேல் கொழுத்த மாதங்களில், மெலிந்த மாதங்களின் தவணையை முன்கூட்டியே பிரித்துப் பூட்டி வைக்கவேண்டும். நெற்செய்கைக் கடனை அறுவடைக்குப் பின்னரே திருப்பி வாங்கும் வழக்கம் வங்கிகளுக்கே உண்டு. எங்கள் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களில், விற்ற மீனின் பணத்திலிருந்து ஒரு சிறு பங்கைக் கழித்து அங்கத்தவரின் கணக்கில் வைப்பார்கள். மீன் பட்ட நாளில் அதிகம் கழியும், படாத நாளில் கழியாது. தவில் வாசிப்பவருக்கும் சித்திரையில் ஓர் அறுவடை உண்டு என்பதைக் கடன் கொடுப்போர் என்று உணர்வார்களோ!

இவ்வளவும் பேசி முடிய இரவு எட்டு மணியாயிற்று. என் மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போகாமல் கதவடியில் நின்றார். அவர்தான் ஒரு கேள்வி கேட்டார்.

"தம்பி, முழுக் கூரையும் இந்த மழைக்கு முன்னம் போடத்தான் வேணுமோ?"

எனக்கும் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை. குசினிக்கும் இரண்டு அறைகளுக்கும் மட்டும் இப்போது போட்டால் 2,80,000 போதும். விறாந்தையும் மண்டபமும் வெயிலிலும் காத்திருக்கும், மழையிலும் காத்திருக்கும். கையிலுள்ள 80,000 போக வேண்டியது இரண்டு இலட்சமே. அதற்கு அவர் மனைவியின் நகை இருந்தது. அடகு என்றதும் அவர் முகம் வாடியது. அதை அவமானமென்று அவர் எண்ணியிருந்தார். 2023 ஓகஸ்டில் மத்திய வங்கி, வங்கிகளின் அடகு வட்டிக்கு ஆண்டுக்கு 18 வீதம் என்று உச்ச வரம்பு விதித்தது. அவ்வட்டியையே வைத்தாலும் இரண்டு இலட்சத்துக்கு மாதம் 3,000. ஊர்க்காரரிடமாயின் 10,000. நகைக்கு எந்த வங்கியும் சம்பளச் சிட்டை கேட்பதில்லை, பிணையும் கேட்பதில்லை. ஆனால், மீட்கும் மாதத்தை அடகு வைக்கும் அன்றே குறித்துவிட வேண்டும். ஆனி மாதம் என்று அவருடைய நாட்குறிப்பில் நானே எழுதினேன்.

மீதி மூன்று இலட்சத்துக்கு எங்கள் கிராமத்துச் சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கத்தை நாடினோம். இந்நாட்டில் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கான சட்டம் 1911 இல் வந்தது. வங்கி எட்டிப் பாராத சிறு விவசாயிகளை வட்டிக்காரர் கையிலிருந்து மீட்பதற்கே அச்சங்கங்கள் பிறந்தன. அவற்றின் மூலதனம் அறிமுகம். இன்னார் மகன், இன்ன தொழில், இந்த மாதத்தில் இவருக்கு வேலை உண்டு என்பது அங்கே கூடியிருக்கும் எல்லாருக்கும் தெரியும். குறையும் உண்டு. சேர்ந்த அன்றே கடன் கிடையாது. சில மாதம் சேமித்துக் காட்டவேண்டும். சில சங்கங்கள் பெயருக்கு மட்டும் இருக்கின்றன. கணக்குப் பரிசோதனை ஒழுங்காக நடக்கிறதா, பொதுக்கூட்டம் கூடுகிறதா என்று விசாரித்தே சேரவேண்டும். சீட்டுக் கட்டலாமே என்பாரும் உளர். நடத்துபவர் நாணயமானவராயின் சீட்டும் நல்லதே; அவர் நாணயம் ஒன்றைத் தவிர வேறு காப்பு அதில் இல்லை.

அவர் புரட்டாதியிற் சங்கத்தில் சேர்ந்தார். மெலிந்த மாதங்களிலும் மாதம் 1,000 ரூபாவாவது கட்டினார். தைமாதம் கலியாண அச்சாரங்கள் வரத் தொடங்கியதும் அவையெல்லாம் வங்கிக் கணக்கினூடாகவே சென்றன. சித்திரையில் மூன்று இலட்சத்துக்கு விண்ணப்பித்தார். வட்டி 15 வீதம், குறையுந் தொகைக்கு, 24 மாதம், தவணை 14,550 ரூபா அளவு. அங்கத்தவர் இருவர் பிணை நிற்கவேண்டும். அச்சங்கத்தில் என் தந்தையார் காலத்திலிருந்து எங்களுக்கு அங்கத்துவம் உண்டு.

ஆக, கையெழுத்து மறுபடியும் என்னிடமே வந்தது. ஆவணியில் அவர் கேட்டபோது நான் இட்டிருந்தால், அது பழைய மாணவர் என்ற பாசத்தினால் இட்ட கையெழுத்தாக இருந்திருக்கும். அவர் கட்டக்கூடியவரா என்பது எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. என் தந்தையாரும் அப்படித்தான் இட்டார் போலும். சித்திரையில் அவருடைய பன்னிரண்டு மாதக் கணக்கும் எனக்கு மனப்பாடமாயிருந்தது. அவர் கட்டத் தவறினால் என் சம்பளத்தில் எவ்வளவு குறையும், அதை எங்கள் வீடு தாங்குமா என்பதையும் மனைவியோடு இருந்து கணக்குப் பார்த்தோம். தாங்கும், ஆனால் நோகும். அதை அவரிடமும் மறைக்காமற் சொன்னேன். பின்னர் இட்டேன்.

நகை ஆனியில் மீட்கப்பட்டது. ஆவணி முடிவில், நாலு மாதத் தவணைப் பணத்தை வேறு கணக்கொன்றிற் போட்டுவிட்டு அந்தப் புத்தகத்தை என் மனைவியிடம் கொண்டுவந்து கொடுத்தார். தாம் வைத்திருந்தால் கை அரிக்குமாம். வைகாசியில் தொடங்கிய தவணை இந்த மார்கழியோடு எட்டு ஆகிவிட்டது. இன்னும் பதினாறு இருக்கிறது. ஒவ்வொரு மாதமும் பத்தாந் திகதி நெருங்கும்போது எனக்கு நெஞ்சு ஒரு தரம் இடிக்கத்தான் செய்கிறது. இம்முறை ஒன்பதாந் திகதி மாலை, கொட்டும் மழையில் நனைந்துகொண்டு வந்து பற்றுச்சீட்டைக் காட்டிவிட்டுப் போனார். குசினிக் கூரை ஒழுகவில்லையாம்; விறாந்தையில் மட்டும் ஓரிடத்தில் ஓடு மாற்ற வேண்டுமாம்.